பணவீக்கத்தைக் கணிக்கும் மாடல்: அல்காரிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்

மாதாமாதம் 12-ஆம் தேதி மத்திய புள்ளியியல் அமைச்சகம் நுகர்வோர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. அதிலிருந்து வரும் ஆண்டுப் பணவீக்க விகிதத்தை 4 சதவீதத்தில், மேலும் கீழும் 2 சதவீதப் புள்ளி தளர்வோடு, வைத்திருக்க வேண்டும் என்பது 2016 முதல் ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படியான பொறுப்பு. வீட்டுக் கடன் தவணை முதல் அரசுக் கடன் பத்திரங்களின் விலை வரை பலதும் இந்த ஒரு எண்ணை ஒட்டி நகர்கின்றன. அதனால் இதைக் கணிக்க நிறையப் பேர் முயல்கிறார்கள். மெஷின் லேர்னிங் படிக்கும் மாணவர்களுக்கும் இது பிடித்தமான புராஜெக்ட்.

அந்த புராஜெக்ட்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி முடிகின்றன. ஆண்டு விகிதத்தை ஒரு காலத்தொடராக எடுத்து எல்எஸ்டிஎம் என்ற நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுப்பார்கள். கணிப்புக் கோடும் நிஜக் கோடும் ஒட்டிக்கொண்டு போகும் ஒரு வரைபடம் வரும். அந்த வரைபடத்தை நம்பாதீர்கள். கணிப்புக் கோட்டை ஒரு மாதம் இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். அது நிஜக் கோட்டின் மேல் அப்படியே படிந்தால், மாடல் கற்றுக்கொண்டது ‘போன மாதம் எவ்வளவோ, இந்த மாதமும் அவ்வளவே’ என்பதை மட்டும்தான்.

அந்த விதி ஒன்றும் மோசமானதல்ல. அதை வெல்வதுதான் கடினம். அமெரிக்கப் பணவீக்கத்துக்குப் பொருளியலாளர்கள் அட்கெசன், ஒஹானியன் இருவரும் 2001-இல் இதைக் காட்டினார்கள்: ‘கடந்த 12 மாதப் பணவீக்கமே அடுத்த 12 மாதத்துக்கும்’ என்ற எளிய கணிப்பை, வேலையின்மையை வைத்துக் கட்டிய பிலிப்ஸ் வளைவு மாடல்களால் முந்த முடியவில்லை. நாணய மாற்று விகிதத்துக்கு மீஸ், ரோகாஃப் 1983-லேயே இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆகவே உங்கள் ஒப்பீட்டு அட்டவணையின் முதல் வரி இந்த எளிய விதியாகத்தான் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத அட்டவணையை நான் படிப்பதில்லை.

இந்தியப் பணவீக்கக் கணிப்பில் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் என் பதில் இது: முதலில் குறியீட்டின் கணக்கு, அடுத்து எந்தத் தகவல் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்ற தெளிவு, அதற்கடுத்து நேர்மையான சோதனை. அல்காரிதத்தின் இடம் இவற்றுக்குப் பிறகுதான்.

எதைக் கணிக்கிறோம்?

ஆண்டு விகிதம் என்பது கடந்த 12 மாதாந்திர மாற்றங்களின் கூட்டு. அடுத்த மாதத்துக்கான ஆண்டு விகிதத்தைக் கணிக்கும்போது அந்த 12-இல் 11 ஏற்கெனவே கையில் இருக்கின்றன. தெரியாதது ஒரே ஒரு மாதத்தின் மாற்றம். ஆண்டு விகிதத்தை நேரடியாகக் கணிக்கும் மாடல் 0.9-க்கு மேல் ஆர் ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) காட்டுவது அந்த 11 மாதங்களின் தயவால்தான். ஆகவே கணிக்க வேண்டியது குறியீட்டின் மாதாந்திர லாக் (மடக்கை) மாற்றம். 12 மாத மாற்றங்களைக் கூட்டி, லாக்கிலிருந்து திரும்ப மாற்றினால் ஆண்டு விகிதம் கிடைத்துவிடும்.

2012 அடிப்படை ஆண்டுத் தொடரிலிருந்து (அந்த ஆண்டின் விலை மட்டம் 100) ஒரு கணக்கு. மொத்தக் குறியீடு 2023 ஜூனில் 181.0, ஜூலையில் 186.3. ஒரே மாதத்தில் 2.93 சதவீத ஏற்றம். தக்காளி விலை எகிறிய மாதம் அது. ஆண்டுப் பணவீக்கம் 4.87 சதவீதத்திலிருந்து 7.44-க்குத் தாவியது. அடுத்த ஆண்டுக்கு வாருங்கள். 2024 ஜூனில் குறியீடு 190.2, ஆண்டு விகிதம் 5.08 சதவீதம். ஜூலையில் முதலில் வெளியானது 192.9. மாத ஏற்றம் 1.42 சதவீதம், சாதாரண மாதங்களோடு ஒப்பிட்டால் இதுவும் பெரிய ஏற்றம்தான். ஆனால் ஆண்டு விகிதம் என்ன ஆனது? 192.9-ஐ 186.3-ஆல் வகுத்தால் 3.54 சதவீதம். விலைகள் வேகமாக ஏறிய மாதத்தில் பணவீக்கம் 1.54 புள்ளி இறங்கியது.

இதில் எந்த மர்மமும் இல்லை. 2023 ஜூலையின் 2.93 கணக்கிலிருந்து வெளியேறி, 1.42 உள்ளே வந்தது. இதைத்தான் அடிப்படை விளைவு என்கிறார்கள். 2024 ஜூன் மாதமே, ஜூலை விலை எதுவும் தெரியாத நிலையிலும், 2.9 புள்ளி கழியப்போவது உறுதியாகத் தெரிந்திருந்தது. ஆண்டு விகிதத்தின் பழைய மதிப்புகளை மட்டும் பார்க்கும் நெட்வொர்க் இந்தக் கழித்தலைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உறுதியாகத் தெரிந்த கணக்கை மாடலைக் கற்கவிடக் கூடாது. நாமே எழுதிவிட வேண்டும்.

மாத மாற்றத்துக்கு மாறியதும் இன்னொன்று கண்ணில் படும்: பருவ ஏற்ற இறக்கம். காய்கறி கோடையின் இறுதியிலிருந்து மழைக்காலத்தில் ஏறி, குளிர்காலத்தில் இறங்கும். 12 மாதங்களுக்கு 11 டம்மி மாறிகள் (அந்த மாதம் என்றால் 1, இல்லையென்றால் 0) போட்டால் இதில் பெரும்பகுதி அடங்கிவிடும். பருவத் திருத்தத்துக்கு, அதாவது இந்த ஏற்ற இறக்கத்தை நீக்க, எக்ஸ்-13 என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுத் தொடரையும் ஒரேயடியாகத் திருத்திவிட்டு, பிறகு பயிற்சி, சோதனை என்று பிரித்தால், 2024-இன் தகவல் 2019-இன் எண்ணுக்குள் கசிந்திருக்கும். ஒவ்வொரு கணிப்புத் தேதிக்கும் அதுவரையான தரவை மட்டும் வைத்துத் திருத்த வேண்டும். தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே நகர்வதால் அதற்குத் தனி மாறி வைப்பதும் நல்லது.

மொத்தத்தை உடைப்பது

2012 தொடரில் உணவு, பானங்களின் எடை, அதாவது மொத்தக் குறியீட்டில் அவற்றின் பங்கு, 45.86 சதவீதம். அதற்குள் தானியங்கள் 9.67, காய்கறிகள் 6.04. எரிபொருளும் மின்சாரமும் 6.84. வீட்டு வாடகை 10.07; அந்தத் தொடரில் அது நகர்ப்புறக் குறியீட்டில் மட்டுமே இருந்தது. மிச்சமெல்லாம் உடை, புகையிலை, போக்குவரத்து, மருத்துவம், கல்வி முதலானவை. இவை நடந்துகொள்ளும் விதம் ஒன்றுக்கொன்று துளியும் ஒத்துப்போகாது. காய்கறி ஒரே மாதத்தில் 10, 20 சதவீதம் ஆடும். வாடகை அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே அசையும். இரண்டையும் ஒரே மாடலில் போட்டால் காய்கறியின் இரைச்சலில் மற்றதெல்லாம் மூழ்கிப்போகும்.

நடைமுறையில் பத்துக் கூறுகள் போதும்: தக்காளி, வெங்காயம், உருளை மூன்றும் தனித்தனியே, மற்ற காய்கறிகள், தானியம், பருப்பு, எண்ணெய், மற்ற உணவு, எரிபொருள், கடைசியாக உணவும் எரிபொருளும் நீங்கிய கோர். இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள். பெட்ரோல், டீசல் இரண்டும் ‘எரிபொருள், மின்சாரம்’ பிரிவில் கிடையாது. அவை போக்குவரத்துப் பிரிவுக்குள் இருக்கின்றன. 2012 தொடரில் பெட்ரோலின் எடை 2.19. உணவையும் எரிபொருள் பிரிவையும் கழித்துவிட்டு ‘இது கோர்’ என்று எடுத்துக்கொண்டால், 2022 மே மாதம் பெட்ரோல் மீதான கலால் வரி லிட்டருக்கு 8 ரூபாய் குறைந்தது உங்கள் கோர் மாடலில் விளக்க முடியாத பள்ளமாகத் தெரியும். தங்கமும் அப்படியே. அதே தொடரில் எடை 1.08, தனிநபர் பராமரிப்புப் பிரிவில் இருந்தது. 2025-இல் தங்கம் ஏறியபோது கோர் பணவீக்கத்தையும் சேர்த்து இழுத்தது. தங்கத்தின் விலை தினமும் கையில் கிடைக்கிறது. பெட்ரோல் விலையும் அப்படித்தான். இரண்டையும் கோரிலிருந்து பிரித்து, தினசரி விலையிலிருந்து நேரடியாகக் கணக்கிட்டுவிடுங்கள்.

கூறுகளைத் திரும்பச் சேர்க்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. எடையைச் சதவீத மாற்றத்தால் பெருக்கிக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது சரியல்ல. எடை அடிப்படை ஆண்டுக்கானது. அதற்குப் பிறகு அந்தப் பொருளின் விலை எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதற்கேற்பத்தான் இன்றைய தாக்கம் அமையும். சரியான வாய்பாடு: பொருளின் எடை × (புதிய குறியீடு − பழைய குறியீடு) ÷ பழைய மொத்தக் குறியீடு. 2012 தொடரில் தக்காளியின் எடை 0.57 சதவீதம். உதாரணத்துக்கு அதன் குறியீடு 150-இலிருந்து 450-க்குப் போகிறது, மொத்தக் குறியீடு 181 என்று வைத்துக்கொள்வோம். எடை × சதவீத மாற்றம் என்றால் 0.57 × 200% = 1.14 புள்ளி. சரியான வாய்பாட்டில் 0.0057 × 300 ÷ 181 = 0.94 புள்ளி. ஒரே பொருளில் 0.2 புள்ளி பிழை. சந்தைக் கணிப்புகளுக்கும் வெளியாகும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியே பல மாதங்களில் இவ்வளவுதான் இருக்கும்.

தினசரி விலையிலிருந்து மாதக் குறியீடு

மத்திய நுகர்வோர் நலத் துறை நாடு முழுக்க உள்ள மையங்களிலிருந்து அத்தியாவசியப் பொருட்களின் சில்லறை விலையைத் தினமும் வெளியிடுகிறது. முன்பு 22 பொருட்கள். 2024 ஆகஸ்டில் 16 சேர்ந்து 38 ஆயின. கத்தரிக்காய், முட்டை, வாழைப்பழம், மிளகாய் வற்றல் எல்லாம் அப்போது வந்தவை. இந்தத் தரவை ஒழுங்காகப் பயன்படுத்துவது ஒன்றே எந்த அல்காரிதத்தைவிடவும் அதிகப் பலன் தரும்.

மையங்களின் விலையைச் சாதாரண சராசரி எடுக்காதீர்கள். 2012 தொடரில் அடிமட்ட விலை ஒப்பீடுகள் பெருக்கல் சராசரியில் கணக்கிடப்பட்டன. எனவே ஒவ்வொரு மையத்திலும் லாக் எடுத்து, மாத மாற்றத்தைக் கண்டு, அதன் பிறகு சராசரி எடுங்கள். இரண்டு மாதங்களிலும் விலை பதிவான மையங்களை மட்டும் சேருங்கள். ஒரு விலையுயர்ந்த நகரம் இந்த மாதம் தகவல் தரவில்லை என்பதாலேயே சராசரி இறங்கிவிடக் கூடாது.

அடுத்தது, மாதத்துக்குள் விலை எப்படி நகர்ந்தது என்பது. தக்காளி முதல் மூன்று வாரம் கிலோ 20 ரூபாய், கடைசி வாரம் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதச் சராசரி 30. அடுத்த மாதம் முழுக்க விலை 60-லேயே அசையாமல் நின்றாலும் மாத மாற்றம் 100 சதவீதம். இது கணிப்பே அல்ல, முந்தைய மாதம் விட்டுச்சென்ற மிச்சம். கடைசி வார விலையை மாதச் சராசரியால் வகுத்து, அதன் லாக் மதிப்பை ஒரு மாறியாகச் சேருங்கள். அடுத்த மாதக் காய்கறிக் கணிப்புக்கு இதைவிடச் சக்திவாய்ந்த மாறி எனக்குத் தெரிந்து இல்லை.

மாதத்தின் நடுவில் கணிக்கிறீர்கள் என்றால் முதல் 15 நாள் விலைதான் இருக்கும். அப்போது மாடலையும் கடந்த காலத்தின் முதல் 15 நாள் விலைகளை வைத்தே பயிற்றுவிக்க வேண்டும். முழு மாதச் சராசரியில் பயிற்றுவித்துவிட்டு அரை மாதச் சராசரியைக் கொடுத்தால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்றே சொல்ல முடியாது. 10-ஆம் தேதிக்கு ஒரு மாடல், 20-க்கு ஒன்று, மாத இறுதிக்கு ஒன்று என்று மூன்று தனி மாடல்கள் வைத்துக்கொள்வது எளிது.

சில்லறை விலை இல்லாத காய்கறிகளுக்கு அரசின் அக்மார்க்நெட் தளத்தில் வரும் மண்டி விலைகளைத்தான் நாட வேண்டும். அவை குவிண்டாலுக்கான மொத்த விலை. சில நாள் கிலோ விலையே குவிண்டால் கட்டத்தில் ஏறியிருக்கும். சில மண்டிகள் வாரக்கணக்கில் காணாமல் போகும். தொடர்ந்து தகவல் தரும் மண்டிகளின் நிலையான பட்டியல் ஒன்றைத் தயாரித்து, மோடல் விலையின் (அன்று அதிகம் விற்ற விலை) இடைநிலை மதிப்பை எடுங்கள். மொத்த விலை சில்லறைக்கு வந்து சேரும் வேகம் பொருளுக்குப் பொருள் மாறும். தக்காளியில் சில நாள். பருப்பிலும் எண்ணெயிலும் அதைவிட அதிகம்.

பயிரைத் தெரிந்துகொள்ளாமல் பின்னடைவு மாறிகளை (முந்தைய மாதங்களின் மதிப்புகளை) அமைத்தால் வேலைக்கு ஆகாது. நாற்று நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் தக்காளி காய்ப்புக்கு வந்துவிடும். விலை உச்சத்தைத் தொட்டதும் விவசாயிகள் கூடுதலாக நடுவார்கள். அந்தக் காய் மொத்தமாகச் சந்தைக்கு வரும்போது விலை சரியும். 2023 ஜூலையில் ஏறிய தக்காளி செப்டம்பருக்குள் சரிந்தது. ஆகவே தக்காளிக்கு 2, 3 மாதப் பின்னடைவில் எதிர்க்குறி வருவது இயல்பு. வெங்காயத்தின் கதை வேறு. மார்ச் முதல் அறுவடையாகும் ரபி (குளிர்காலப் பருவ) வெங்காயம் சேமிப்பில் இருந்து, கரீப் (மழைக்காலப் பருவ) வரத்து தொடங்கும் வரை நாட்டுக்குப் போதவேண்டும். அறுவடை நேரத்தில் நாசிக் பகுதியில் பெய்யும் மழை வெங்காயத்தை உடனே உயர்த்தாது. சேமிப்பில் அழுகலை உண்டாக்கி, செப்டம்பர், அக்டோபரில் விலையில் தெரியும். எல்லாப் பொருளுக்கும் 1 முதல் 12 மாதப் பின்னடைவு என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 12 மாறிகளைச் செலவழித்து இரண்டின் பலனைப் பெறுவீர்கள்.

மெஷின் லேர்னிங்கின் இடம்

கையில் இருக்கும் தரவு எவ்வளவு? கிராமம், நகரம் இணைந்த குறியீடு 2011 ஜனவரியில் தொடங்குகிறது. 2025 டிசம்பர் வரை எண்ணினால் 180 மாதங்கள். அமெரிக்கப் பணவீக்கத்துக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் சராசரி) நன்றாக வேலை செய்கிறது என்று மெடெய்ரோஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். ஆனால் அவர்களிடம் நூற்றுக்கும் மேற்பட்ட மாதாந்திரத் தொடர்கள், பல பத்தாண்டுகளுக்கு இருந்தன. மாதத்துக்கு ஒன்றாக 180 வரிகளை வைத்துக்கொண்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

முடிவு மரங்களை அடுக்கிக் கணிக்கும் லைட்ஜிபிஎம்மை அதன் இயல்பு அமைப்பில் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஓர் இலையில் (மரம் தரவைப் பிரித்து முடிக்கும் கடைசிக் குழு) குறைந்தது 20 வரிகள் வேண்டும் என்பது அதன் இயல்பு விதி. 180 வரிகளில் ஒரு மரத்துக்கு அதிகபட்சம் 9 இலைகள். 31 இலைகள் என்ற இன்னொரு இயல்பு அளவு ஒருபோதும் எட்டப்படாது. வரம்பைத் தளர்த்தி ஓர் இலைக்கு 3 வரிகள் என்று விட்டால், 2016 நவம்பர் பணமதிப்பிழப்பும் 2020 ஊரடங்கும் தனித்தனி இலைகளாகி, மாடல் வரலாற்றை மனப்பாடம் செய்துவிடும். இவ்வளவு சிறிய தரவில் எலாஸ்டிக் நெட், ரிட்ஜ் போன்ற நேர்கோட்டு மாடல்கள் 10 முதல் 15 மாறிகளோடு மரங்களுக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கும். எது ஏன் மாறியது என்று பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியும்.

மரங்களின் இன்னொரு குறை: பயிற்சியில் கண்ட அதிகபட்ச மதிப்பைத் தாண்டி அவற்றால் கணிக்க முடியாது. குறியீட்டை 190 என்ற அளவிலேயே கொடுத்தால் 195 என்ற பதில் வரவே வராது. லாக் மாற்றத்தில் வேலை செய்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். தீராத இடம் 2023 ஜூலை போன்ற மாதங்கள். ஏனென்றால் அந்த அளவு தாவல் பயிற்சித் தரவிலேயே இல்லை. அங்கே தினசரி விலையோடு நேர்கோட்டு உறவு வைத்திருக்கும் எளிய ரிக்ரெஷன் ஜெயிக்கும். விலை மாற்றம் மூன்று மடங்கு ஆனால் அதன் கணிப்பும் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகும்.

மெஷின் லேர்னிங் உண்மையாகக் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. 2012 தொடரின் கூடையில் 299 பொருட்கள் இருந்தன. அவற்றின் அகில இந்தியப் பொருள்வாரிக் குறியீடு மாதாமாதம் வெளியானது. எல்லாப் பொருளையும் ஒரே அட்டவணையில் அடுக்கி, பொருளின் பிரிவு, மாதம், கடைசி மாற்றங்கள், மழை, தொடர்புள்ள மொத்த விலை ஆகியவற்றை மாறிகளாக வைத்து ஒரே பொது மாடலைப் பயிற்றுவித்தால் 180 வரிகள் பல்லாயிரம் வரிகளாகின்றன. 2020-இல் வால்மார்ட் விற்பனைத் தரவில் நடந்த எம்5 கணிப்புப் போட்டியில் லைட்ஜிபிஎம் முன்னணிக்கு வந்தது இந்த வழியில்தான். அதற்கு முந்தைய எம்4 போட்டியில் ஒரு லட்சம் தொடர்கள் இருந்தன. அங்கே தூய மெஷின் லேர்னிங் முறைகள் பின்தங்கின, எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங்கையும் (அண்மை மதிப்புகளுக்கு அதிக முக்கியத்துவம் தரும் சராசரி முறை) நியூரல் நெட்வொர்க்கையும் இணைத்த கலப்பு முறை வென்றது. பொது மாடலில் ஒரு எச்சரிக்கை: சோதனைக்குப் பிரிக்கும்போது வரிகளைக் குலுக்கிப் பிரிக்கவே கூடாது. 2023 ஜூலையின் உருளைக்கிழங்கு பயிற்சியிலும் அதே மாதத் தக்காளி சோதனையிலும் இருந்தால் அந்த மாதத்தின் அதிர்ச்சி ஏற்கெனவே கசிந்துவிட்டது. மாதத்தை வெட்டினால் 299 பொருளுக்கும் சேர்த்து வெட்ட வேண்டும்.

சோதனை

கணிப்புத் தேதியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான் மாடலுக்கும் தெரிய வேண்டும். கேட்க எளிது, செய்வது கடினம். தொழில் உற்பத்திக் குறியீடு பல வாரம் தாமதமாக வரும். மொத்த விலைக் குறியீடு முதலில் தற்காலிகமாக வந்து, பிறகு திருத்தப்படும். நுகர்வோர் குறியீடுகூட அடுத்த மாதம் மாறும். 2024 ஜூலைக்கு முதலில் வந்த 3.54 பின்னர் 3.60 ஆனது. இன்றைக்கு டவுன்லோட் செய்த எக்செல் கோப்பில் இருப்பவை திருத்தப்பட்ட எண்கள். 2019-இல் அவை யாரிடமும் இல்லை. ஒவ்வொரு மாதமும் வெளியீட்டு நாளன்று கோப்பைத் தேதியிட்டுச் சேமிக்கத் தொடங்குங்கள். பழைய மாதங்களுக்குச் செய்திக் குறிப்புகளிலிருந்து எண்களை எடுக்கலாம். சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்தவரின் சோதனை முடிவுதான் நம்பத் தகுந்தது.

மூன்று மாதம் முன்னோக்கிய கணிப்புக்கு இன்னொரு கசிவு காத்திருக்கிறது. ஒரு வரியில் மாறிகள் இம்மாதத்தவை, விடை மூன்று மாதம் கழித்து வருவது. கடைசி இரண்டு வரிகளின் விடை கணிப்புத் தேதியில் இன்னும் வெளியாகியிருக்காது. அவற்றைப் பயிற்சியில் சேர்க்கக் கூடாது. பைத்தானின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில், தரவைக் காலவரிசையில் பிரிக்கும் டைம்சீரீஸ்ஸ்பிளிட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ‘கேப்’ (இடைவெளி) மதிப்பை 2 என்று வையுங்கள். மாதத்துக்கு மேல் மாதமாகத் தன் கணிப்பையே உள்ளீடாகக் கொண்டு நகரும் முறையைவிட, 1, 3, 6, 12 மாதத்துக்குத் தனித்தனி மாடல் வைப்பதை நான் விரும்புகிறேன்.

2020 ஏப்ரல், மே மாதங்களைச் சிறப்பாகக் கவனியுங்கள். ஊரடங்கில் நேரில் விலை சேகரிக்க முடியாமல், அந்த மாதங்களின் குறியீடு மதிப்பீட்டு முறையில் நிரப்பப்பட்டது. அந்த வரிகளை அழித்துவிட்டால் பின்னடைவு மாறிகள் இடம் மாறிப்போகும். அழிக்காமல் டம்மி மாறி வைத்து, பிழைக் கணக்கில் மட்டும் விலக்குங்கள்.

36 மாதச் சோதனையில் உங்கள் மாடலின் சராசரிப் பிழை எளிய விதியுடையதைவிட 5 சதவீதம் குறைந்தது என்றால் கொண்டாட வேண்டாம். இரு கணிப்புகளின் பிழை வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டீபோல்ட்–மரியானோ சோதனையை, சிறு மாதிரிக்கான திருத்தத்தோடு, போட்டுப் பாருங்கள்; 36 புள்ளிகளில் அந்த அளவு வித்தியாசம் பெரும்பாலும் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாதது. எந்த மாடல் சிறந்தது என்று தீர்மானிக்க முடியாதபோது மூன்று, நான்கின் சாதாரண சராசரியை எடுங்கள். பேட்ஸ், கிரேஞ்சர் 1969-இல் கணிப்புகளை இணைப்பது பற்றி எழுதியதிலிருந்து இன்றுவரை இந்த எளிய வழி திரும்பத் திரும்ப நன்றாகவே நிற்கிறது. சிறப்பு எடைகளைக் கணக்கிடப் போனால், அந்த எடைகளை மதிப்பிடுவதில் வரும் பிழை லாபத்தைத் தின்றுவிடும்.

ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள்

ஜூலை மாதக் கணிப்பும் பிப்ரவரி மாதக் கணிப்பும் ஒரே அகல வரம்போடு வரக் கூடாது. மழைக்காலத்தில் காய்கறியின் நிச்சயமின்மை பல மடங்கு. சராசரிக்குப் பதில் சதமானங்களைக் கணிக்கும் குவாண்டைல் ரிக்ரெஷன் வைத்து 10, 50, 90 சதமானங்களைத் தனித்தனியே கணியுங்கள். சரிபார்ப்பது எளிது: 36 சோதனை மாதங்களில் நிஜ எண் 10-க்கும் 90-க்கும் இடையிலான 80 சதவீத வரம்புக்குள் சுமார் 29 முறை விழ வேண்டும். 20 முறைதான் விழுந்தது என்றால் வரம்பு குறுகியது. 36-உம் உள்ளே விழுந்தால் அந்த வரம்பால் யாருக்கும் பயனில்லை.

அரசின் முடிவுகளை மாடல் அறியாது. 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி வந்தது. டிசம்பரில் ஏற்றுமதியே தடைசெய்யப்பட்டது. அதே ஆகஸ்டின் கடைசியில் சமையல் எரிவாயு சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைந்தது. 2024 ஜூலையில் செல்போன் கட்டணங்கள் ஏறின. செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி உயர்ந்தது. அறிவிப்பு வந்த நாளே இவற்றில் பலவற்றின் நேரடித் தாக்கத்தை எடையை வைத்துக் கையால் கணக்கிடலாம். அந்தத் திருத்தத்தை மாடலுக்குள் ஒளித்து வைக்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள்: மாடல் சொன்னது இவ்வளவு, கையால் சேர்த்தது இவ்வளவு, காரணம் இது. ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தால் உங்கள் கைத்திருத்தம் பிழையைக் குறைத்ததா கூட்டியதா என்று தெரியும்.

2024 அடிப்படை ஆண்டு

2026 ஜனவரித் தரவோடு குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2024-க்கு மாறியது. எடைகள் 2023–24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வருகின்றன. உணவு, பானங்களின் பங்கு 46 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 37-க்கு இறங்கிவிட்டது. தலைப்பு எண்ணை, அதாவது மொத்தப் பணவீக்கத்தை, மட்டும் வைத்துப் பயிற்றுவித்த மாடல்கள் இங்கே அடிவாங்கும். பழைய 15 ஆண்டுத் தொடரில் கற்ற ஊசலாட்டத்தின் அளவு இனிப் பொருந்தாது. காய்கறி அதே அளவு தாவினாலும் மொத்தக் குறியீடு முன்புபோல் குதிக்காது.

கூறுவாரியாக வேலை செய்தவருக்கு இழப்பு குறைவு. தக்காளி விலைக்கும் தக்காளிக் குறியீட்டுக்கும் உள்ள உறவு பெரிதாக மாறவில்லை. சேர்க்கும் எடைதான் மாறியது. பழைய தொடரின் மாதாந்திர லாக் மாற்றங்களையும் புதிய தொடரின் மாற்றங்களையும் பொருள்வாரியாக ஒட்டுங்கள். குறியீட்டு அளவுகளை ஒட்டாதீர்கள். பழைய வகைப்பாட்டிலிருந்து புதியதற்கு ஒரு பொருத்த அட்டவணை கையால்தான் எழுத வேண்டியிருக்கும், ஏனென்றால் பிரிவுகளின் எல்லைகளே நகர்ந்திருக்கின்றன. அதன் பிறகு பழைய மாதங்களின் கூறு மாற்றங்களைப் புதிய எடைகளால் சேர்த்து, ‘2024 எடை அன்றே இருந்திருந்தால்’ என்ற ஒரு கற்பனைத் தலைப்புத் தொடரை உருவாக்குங்கள். வரம்புகளின் அகலத்தை அந்தத் தொடரின் பிழைகளிலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும். பழைய அகலத்தையே வைத்துக்கொண்டால், உணவின் பங்கு குறைந்திருப்பதால், அது தேவைக்கு மேல் பரந்திருக்கும்.